செனாப்பாங் பாத்தா மக்கர் செய்தால்: பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் செம்பனைக் காட்டிலும் பாலிக் பூலாவ் மேட்டு டுரியான் தோப்பிலும் பயிர்க்காவலுக்கு லைசென்ஸோடு இருக்கும் துப்பாக்கிகளில் சில, நூறு வயதைத் தாண்டியவை. நடுவில் மடிந்து திறப்பதால் மலாயில் செனாப்பாங் பாத்தா. தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசியைத் தட்டும் சுத்தியல் போன்ற குதிரை வெளியே நிற்கும் பழைய ரகமும் உண்டு. குதிரை உள்ளே ஒளிந்திருக்கும் ரகமும் உண்டு. பின்னதில் பெரும்பாலானவை 1875இல் ஆன்சன், டீலி இருவரும் காப்புரிமை பெற்ற அமைப்பைப் பின்பற்றியவை. நன்றாகச் செய்த துப்பாக்கி தானாகக் கெடுவது அபூர்வம். பினாங்கில் அதைக் கெடுப்பவை மூன்று: ஈரம், தப்பான எண்ணெய், தப்பான தோட்டா. கீழே வரும் அறிகுறிகளில் முக்கால்வாசி இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் முடியும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கருமருந்து, அதாவது வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த பழைய வெடிமருந்து, போடும் துப்பாக்கிக்கு வீட்டிலேயே மருந்தும் ரவையும் அடைத்துத் தோட்டா செய்துகொள்ளும் பழக்கம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உண்டு. இங்கே அதற்கு வழியில்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் தோட்டா தயாரிப்பதும், துப்பாக்கி பழுது பார்ப்பதும் அதற்கென உரிமம் பெற்றவர் வேலை. ஆகவே இந்த வழிமுறையில் உங்கள் பங்கு பார்ப்பது, துடைப்பது, அளப்பது, எது பழுது என்று சரியாகச் சொல்வது. அரம் போடுவது, பற்றவைப்பது, ஸ்பிரிங் மாற்றுவது எல்லாம் உரிமம் உள்ள துப்பாக்கிக் கடைக்காரர் கையில். கடைக்காரரிடம் "சரியில்லை" என்று மட்டும் சொல்வதற்கும், "இடது குழலில் மட்டும் ஊசிக்குழி மேலோட்டமாக விழுகிறது, வலதில் சரியாக இருக்கிறது" என்று சொல்வதற்கும் ஒரு மாத வித்தியாசம் இருக்கும்.

எந்தச் சோதனைக்கு முன்பும் துப்பாக்கியை மடித்துத் திற. குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை இரண்டையும் கண்ணால் பார், பிறகு விரலை விட்டுத் தடவிப் பார். வெளிச்சத்தை நோக்கிக் குழலைப் பிடித்து வாய்வரை அடைப்பு இல்லை என்று உறுதி செய். மேசைமேல் நிஜத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. வீட்டின் வேறொரு அறையில் பூட்டி வைத்துவிட்டு வரவும். விசை இழுத்துப் பார்க்கும் சோதனைக்கு வெற்றுத் தோட்டா, அதாவது ஊசி படும் இடத்தில் ஸ்பிரிங்கோ ரப்பரோ வைத்த போலித் தோட்டா, கட்டாயம் வேண்டும். வெறும் அறையில் குதிரையைத் தட்டவிட்டால் பழைய ஊசி முறியும்.

முதல் வேலை: குழலின் அடிப்பக்கத்தைப் படிப்பது

குழலுக்கு அடியில் கைபிடிக்கும் முன்கட்டையைக் கழற்றி, குழலைப் பிரித்து, கவிழ்த்து வையுங்கள். அறைக்கு அடியில் தட்டையாக உள்ள பரப்பில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். அவைதான் துப்பாக்கியின் ஜாதகம். ஒரு பூதக்கண்ணாடியும் சாய்வாக அடிக்கும் டார்ச் வெளிச்சமும் போதும்.

கிரீடத்துக்கு அடியில் பிபி, பிவி என்று இருந்தால் பர்மிங்ஹாம் சோதனைச் சாலை. ஜிபி என்ற எழுத்துகள் பின்னிக்கொண்டு இருந்தால் லண்டன். முட்டை வடிவத்துக்குள் ஈஎல்ஜி என்றிருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ். இவற்றோடு என்பி என்ற எழுத்துகளோ, 'நைட்ரோ புரூஃப்' என்ற சொற்களோ இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் புகையில்லா மருந்துக்குச் சோதித்த குழல். இல்லையென்றால் கருமருந்துக்கு மட்டும் சோதித்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று கடையில் கிடைக்கும் தோட்டா எதுவும் அதற்குள் போகக் கூடாது. வீட்டில் கருமருந்து கெட்டிக்கவும் இங்கே அனுமதி இல்லை என்பதால், அப்படிப்பட்ட துப்பாக்கி சுடுவதற்கு அல்ல, போற்றி வைத்திருப்பதற்கு. இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் சமரசத்துக்கு இடமில்லாத இடம் இது.

சாய்சதுரத்துக்குள் 12, கூடவே சி என்ற எழுத்து இருந்தால் அது தோட்டா அறையின் அளவு. எல்சி என்றால் 3 அங்குல நீள அறை. 'நாட் ஃபார் பால்' என்று பொறித்திருந்தால் வாய் குறுகிய குழல், 1875க்கும் 1887க்கும் இடையே சோதித்தது. 1925க்கு முந்திய ஆங்கிலத் துப்பாக்கியில் அறையின் நீளம் பெரும்பாலும் பொறித்திருக்காது. அதில் 2½ அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர், என்று எடுத்துக்கொண்டு, கடைக்காரரை அளவுகோல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

குழலின் மேல் பாம்புத்தோல் போலவோ கோலம் போலவோ வரி ஓடினால் அது டமாஸ்கஸ் குழல்: இரும்பும் எஃகுமான பட்டைகளை முறுக்கி, கம்பிமேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியது. வரி இருப்பதாலேயே கெட்டது என்றும் இல்லை, நல்லது என்றும் இல்லை. சாதாரண இரும்புக் குழலில் வரியை மேலே வரைந்து விற்ற மலிவுத் துப்பாக்கிகளும் அந்தக் காலத்தில் வந்தன. முத்திரையும் குழல் சுவரின் கனமும் சொல்வதை மட்டும் நம்புங்கள்.

விசை இழுத்தும் வெடிக்கவில்லை

முதலில் உயிர். குழல்வாயைத் தரையில் பாதுகாப்பான திசைக்கு நீட்டியபடியே அரை நிமிடம் அசையாமல் நில்லுங்கள். ஒரு நிமிடம் நின்றாலும் நஷ்டமில்லை. தோட்டாவின் பின்பக்க நடுவில் ஊசி அடிக்கும் கேப் மெதுவாகப் பற்றி, தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டு. பிறகு முகத்தை ஒதுக்கித் திறந்து, தோட்டாவை எடுத்து, பின்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கேப்பில் விழுந்த குழிதான் பதில் சொல்லும்.

குழி ஆழமாக, நடுவில், உருண்டையாக விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் பழி துப்பாக்கிமேல் இல்லை. தோட்டா ஈரம் குடித்திருக்கிறது. அட்டைக் கூடு கொண்ட பழைய தோட்டாக்களில் இது சகஜம். அந்தப் பெட்டியையே ஒதுக்கி, வாங்கிய கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

குழியே இல்லை என்றால் ஊசி முறிந்திருக்கும், அல்லது குதிரை விழவேயில்லை.

குழி மேலோட்டமாக, நகம் பதிந்தது போல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். காரணம் நான்கில் ஒன்று.

முதல் சந்தேகம் எண்ணெய். நம் வீடுகளில் இரும்பு என்றாலே தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். ஏர்கோன் போட்ட அறையில் இரவெல்லாம் இருந்த துப்பாக்கியின் பூட்டுக்குள், அதாவது குதிரையும் ஸ்பிரிங்கும் இயங்கும் பகுதிக்குள், அது மெழுகாகி, குதிரை கூழுக்குள் விழுவது போல் விழும். வெயில் ஏறியதும் உருகிவிடும். மத்தியானம் எல்லாம் சரியாக இருக்கும். காலையில் மக்கர், மதியம் சரி என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். தையல் எந்திர எண்ணெயைக்கூட அளவுக்கு மீறி விட்டால் வருஷக்கணக்கில் தூசியோடு சேர்ந்து பசையாகும். பூட்டுக்குள் இருக்கும் பசையைக் கடைக்காரர் கழற்றிக் கழுவ வேண்டும். கழுவிய பிறகு ஊசி முனையால் தொட்டு வைத்த அளவு மெல்லிய எண்ணெய் போதும்.

இரண்டாவது, விளிம்புக் குழிவில் அழுக்கு. தோட்டாவின் விளிம்பு உட்காருவதற்காக அறை வாயில் ஏறக்குறைய 1.9 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெட்டு இருக்கும். அதில் கரி படிந்தால் தோட்டா முழுதாக உட்காராது. ஊசி அடிக்கும்போது முன்னே நழுவி அடியின் வேகத்தைத் தின்றுவிடும். இரண்டாவது முறை அடித்தால் வெடிக்கிறது என்றால் சந்தேகம் இங்கேதான். மூங்கில் பல்குச்சியை மண்ணெண்ணெயில் தோய்த்து அந்த வெட்டைச் சுற்றிச் சுரண்டுங்கள். இரும்பு ஆணி வேண்டாம்.

மூன்றாவது, ஊசி தேய்ந்திருக்கலாம். குதிரை விழுந்த நிலையில் ஊசி நுனி பின்சுவரிலிருந்து 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், நுனி அரை உருண்டையாக இருக்க வேண்டும். தட்டையாகவோ கூராகவோ இருந்தால் மாற்ற வேண்டியதுதான். கூரான நுனி கேப்பைத் துளைத்து வாயுவை முகத்துக்கு அனுப்பும்.

நான்காவது, பிரதான ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். இரண்டு குதிரையையும் கட்டைவிரலால் ஏற்றிப் பாருங்கள். ஒன்று கனமாக, மற்றது இலேசாக ஏறினால் இலேசான பக்கம்தான் குற்றவாளி. குதிரை உள்ளே இருக்கும் ரகத்தில் இப்படிப் பார்க்க முடியாது. வெற்றுத் தோட்டா போட்டு இரண்டு விசையையும் ஒவ்வொன்றாக இழுத்து, 'டக்' சத்தத்தை ஒப்பிடுங்கள்.

ஒரே இழுப்பில் இரண்டு குழலும் வெடிக்கிறது

அன்றைக்கே நிறுத்துங்கள். இன்னொரு தோட்டாகூடப் போடக் கூடாது.

முதல் குழலின் உதைப்பில் விரல் பின்விசையில் பட்டு அமுக்கியிருக்கலாம். துப்பாக்கியைத் தோளில் இறுக்கிப் பிடிக்காதவர்க்கு இது நேரும். அதைப் பிரித்தறிய ஒரு சோதனை: இரண்டு அறையிலும் வெற்றுத் தோட்டா போட்டு, இரண்டு குதிரையையும் ஏற்றி, முன்விசையை மட்டும் இழுங்கள். பிறகு தோளில் பதியும் கட்டையின் அடியை ரப்பர் பாய்மேல் உள்ளங்கை உயரத்திலிருந்து இரண்டு மூன்று முறை தட்டுங்கள். தட்டின அதிர்ச்சியில் இரண்டாவது குதிரை விழுந்தால், ஏற்றிய குதிரையைப் பிடித்து நிறுத்தும் கவ்வி தேய்ந்துவிட்டது என்று பொருள். சாதாரணமாக முன்விசை 3½ முதல் 4 பவுண்டு இழுப்பிலும் பின்விசை அரை பவுண்டு கூடுதலாகவும் விழ வேண்டும். மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை விசையில் மாட்டி இழுத்தால் அளவு தெரிந்துவிடும். 2 பவுண்டிலேயே விழுந்தால் அது துப்பாக்கி இல்லை, பொறி.

மழைக்காலத்தில் மட்டும் இந்தத் தொல்லை வந்தால் கட்டையைச் சந்தேகப்படுங்கள். பினாங்கில் ஆண்டின் கடைசி மாதங்களில் அடிக்கும் மழையில் வால்நட் மரம் ஊறி உப்பி, பூட்டுக்குள் கவ்வியின் வாலை நெருக்கும். மரத்தில் தேய்த்த பளபளப்பான கோடு கடைக்காரர் கழற்றியதும் தெரியும். அந்த இடத்தில் மயிரிழை அளவு சுரண்டினால் தீரும்.

சுட்ட பிறகு திறக்கவில்லை, அல்லது கூடு வெளியே வரவில்லை

வெளிக்குதிரை ரகத்தில் முதலில் குதிரையைப் பாருங்கள். 1860களின் பிற்பகுதிக்கு முந்திய அமைப்பில், அடித்த குதிரை தானாகப் பின்வாங்காது. ஊசி கேப்புக்குள் குத்தியபடியே நிற்கும். குதிரையைப் பாதி ஏற்றத்துக்கு இழுத்தபின்தான் திறக்க வேண்டும். இது பழுதல்ல, அதன் இயல்பு. முழங்காலில் வைத்து மடக்கினால் ஊசி வளைந்துவிடும்.

குதிரை பின்வாங்கியும் திறக்கவில்லை என்றால் கேப்பைப் பாருங்கள். அதன் உலோகம் ஊசித்துளைக்குள் பிதுங்கி நுழைந்திருந்தால் அழுத்தம் கூடிப்போயிருக்கிறது. தோட்டா துப்பாக்கிக்குப் பொருந்தாதது.

கேப் நன்றாக இருந்தும் கூடு அறைக்குள் ஒட்டிக்கொண்டால் அறைச் சுவரில் துருக்குழி இருக்கும். வெடிக்கும்போது கூடு உப்பி அந்தக் குழிகளுக்குள் அச்சு எடுத்துக்கொள்ளும். வெளியே எடுத்த கூட்டை விளக்கருகே உருட்டிப் பாருங்கள். அறையில் உள்ள ஒவ்வொரு குழியும் அதன் மேல் சின்ன மேடாகத் தெரியும். பாஸ்பர் வெண்கலப் பிரஷை அறைக்குள் சுழற்றித் துடைத்தால் இலேசான துரு போகும். ஆழமான குழிக்கு அது மருந்தாகாது.

'தோட்டா தள்ளி' என்பது திறக்கும்போது கூட்டை வெளியே தள்ளும் உறுப்பு; அது கூட்டின் விளிம்பின்மேல் நழுவிப் போனால் அதன் உதடு தேய்ந்திருக்கிறது. கூட்டைப் பின்னாலிருந்து நெம்பாதீர்கள். குழல்வாயிலிருந்து மரக்கோலால் தள்ளுங்கள், அது வெறுங்கூடுதான் என்று கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகு.

சுட்ட கூட்டின் வாய் பிய்ந்து, கிழிந்து வருகிறது

இந்த அறிகுறியை மிகப் பலர் கவனிப்பதே இல்லை. கூட்டைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் பழைய துப்பாக்கியின் மிகப் பெரிய ஆபத்து இதில்தான் முகம் காட்டுகிறது.

தோட்டாப் பெட்டியில் 70 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது சுட்டபின், மடிப்பு விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடாத நிலையில் அது 60 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதனால் 65 மில்லிமீட்டர் அறைக்குள் சிக்கலே இல்லாமல் போகும், துப்பாக்கி மூடிக்கொள்ளும், எந்தச் சந்தேகமும் வராது. வெடிக்கும் கணத்தில் மடிப்பு விரிய இடமில்லாமல் அறைக்கு முன்னுள்ள குறுகலுக்குள் போய் விரியும். ரவை போக வேண்டிய வழி அங்கே நெரிபடுகிறது; அழுத்தம் ஏறுகிறது. பிய்ந்த வாய் அதன் தடயம். உதைப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தெரியும். குழல் அன்றைக்கு வெடிக்காமல் போகலாம். கீலும் பூட்டும் ஒவ்வொரு சுடுதலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்.

பொருந்தும் நீளத் தோட்டா கிடைக்கவில்லை என்றால் சுடாமல் இருப்பதே வழி. அறையைக் குடைந்து நீட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்; குழல் சுவர் கனம் குறையக் கூடாத இடம் அதுதான். பழைய குழலுக்கு ஈய ரவைதான்; எஃகு ரவை ஆகாது. மிருதுவான பழைய இரும்பைக் கீறி, குறுகிய வாயை உள்ளிருந்து தள்ளிப் புடைக்க வைக்கும்.

மூடிய பிறகும் குழல் ஆடுகிறது

முன்கட்டையைக் கழற்றிவிட்டுச் சோதிக்க வேண்டும். முன்கட்டையின் ஸ்பிரிங் ஆட்டத்தை மறைத்துவிடும், அதனால்தான் வாங்கும்போது தெரியாமல் போகிறது. துப்பாக்கியை மூடி, கட்டையைக் கக்கத்தில் இடுக்கி, குழலை மேலும் கீழும், பிறகு பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். பின்சுவருக்கும் குழலுக்கும் இடையே ஜன்னல் வெளிச்சம் தெரிகிறதா என்றும் பாருங்கள். சிகரெட்டுத் தாள் கனமுள்ள காகிதத்தை இடையில் வைத்து மூடி, அது சிக்காமல் உருவிக்கொண்டு வந்தால் இடைவெளி வந்துவிட்டது.

எங்கே தேய்ந்தது என்று கண்டுபிடிக்க அகல் விளக்கு போதும். குழலுக்கு அடியில் கீல் ஆணியைப் பற்றும் கொக்கியை எண்ணெய் துடைத்து, அதன் பரப்பை விளக்குப் புகையில் காட்டி, மெல்லிய கரி படியவிட்டு, பொருத்தி, ஒருமுறை மூடித் திறந்து கழற்றுங்கள். கரி அழிந்த இடம்தான் ஒட்டுகிற இடம். நல்ல துப்பாக்கியில் கொக்கியின் வளைவு முழுதும் சீராக அழிந்திருக்கும். ஒரு ஓரத்தில் கோடு போல் மட்டும் அழிந்திருந்தால், மீதிப் பாரம் எல்லாம் அந்தக் கோட்டின்மேல் விழுகிறது.

திறக்கும் நெம்பையும் கவனியுங்கள். புதிதில் மூடும்போது அது நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம் நிற்கும். தேயத் தேய நடுவுக்கு வரும். நடுவைத் தாண்டி இடப்புறம் போனால் பூட்டுத்தகடு தேய்ந்துவிட்டது.

சரியான வைத்தியம் இரண்டு: கீல் ஆணியை மாற்றிச் சற்றே பெரிய ஆணி போடுவது, அல்லது கொக்கியில் வால்வெட்டு எடுத்துப் புது உலோகம் பதித்து இழைப்பது. இடையில் தகரத் துண்டு செருகி ஆட்டத்தை நிறுத்தித் தருவது வைத்தியம் இல்லை, விற்பதற்கான ஒப்பனை. சில நூறு சுடுதலில் மறுபடி ஆடும். கொக்கியைச் சுத்தியலால் தட்டி விரித்த தழும்பு இருந்தால், யாரோ முன்பே இந்த ஒப்பனையைச் செய்திருக்கிறார்கள்.

தட்டினால் மந்தமாக ஒலிக்கிறது

குழலைத் துப்பாக்கியிலிருந்து பிரித்து, கொக்கியில் ஒரு கயிற்றை மாட்டித் தொங்கவிடுங்கள். விரல் எலும்பால் நடுவில் ஒரு தட்டு. நல்ல குழல் கோயில் மணி அடித்து ஓய்ந்த பின் நிற்கும் கார்வை போல ரீங்கரித்து மெல்ல அடங்கும். இரண்டு குழலையும் இணைக்கும் பட்டை கழன்ற குழல் 'தப்' என்று ஓட்டைப் பானை சத்தம் போடும். நடுவில் கரகரப்பு கேட்டால் பட்டையின் ஒரு பகுதி மட்டும் விட்டிருக்கிறது. கயிற்றை நகர்த்தாமல், நுனியிலிருந்து அடிவரை நாலு விரல் இடைவெளியில் தட்டிக்கொண்டே வந்தால் எந்த இடம் என்று காது கண்டுபிடித்துவிடும்.

இரண்டு குழலையும் மேலும் கீழும் சேர்த்துப் பிடித்திருக்கும் பட்டைகள் ஈயப்பற்றால் ஒட்டியவை. விட்ட இடத்தின் வழியே நீர் உள்ளே போய், கண்ணுக்குத் தெரியாமல் குழலை வெளிப்பக்கத்திலிருந்து அரிக்கும். கழுவும்போது பட்டை ஓரத்தில் குமிழி வருவதும் இதே பழுதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். நிறம் மங்கிய குழலைக் கருநீலமாக்கித் தருகிறேன் என்று கொதிக்கும் காரத் தொட்டியில் முக்கும் பட்டறை உண்டு. இரட்டைக்குழலுக்கு அது எமன். காரம் ஈயப்பற்றைத் தின்று, பட்டையைக் கழற்றிவிடும். டமாஸ்கஸ் குழலின் வரிகளையும் கெடுக்கும். பழைய குழலுக்கு மெதுவாகத் துருவேற்றித் துருவேற்றித் துலக்கும் முறை ஒன்றே ஏற்றது, வாரக்கணக்கில் ஆகும்.

குழலுக்குள் கருப்பு, சாம்பல், சிவப்பு

மூன்றும் வேறு வேறு.

அறைக்கு முன்னால் நீளவாக்கில் ஓடும் சாம்பல் கோடு ஈயப்படிவு. பாஸ்பர் வெண்கலப் பிரஷில் கர்ப்பூரத்தைலம், அதாவது டர்பன்டைன், நனைத்துப் பத்துப் பதினைந்து முறை இழுத்தால் செதிலாக வரும்.

கருப்பாக, ஈரப் பசபசப்பாக, தண்ணீர் பட்டதும் அழுகிய முட்டை வாடை வீசினால் அது கருமருந்தின் எச்சம். யாரோ என்றோ சுட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்த துப்பாக்கியில் இன்றும் இருக்கும். 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்த கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே தங்கும், பொட்டாசிய உப்புகள். அவை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பழைய ரகக் கேப்பும் இதேபோல் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பை விட்டுப்போகும். உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் மட்டும் பூசினால் உப்பை மூடி போட்டு ஊறவைத்தது போல் ஆகிவிடும். இதற்குத் தண்ணீர்தான் மருந்து. இரும்புக்குத் தண்ணீரா என்று தயங்க வேண்டாம்.

முறை இது: குழலைத் தனியே பிரித்து, தோட்டா தள்ளியையும் எடுத்துவிட்டு, குழல்வாயை வாளியில் நிறுத்துங்கள். அறைப்பக்கமிருந்து கைபொறுக்கும் சுடுநீர் ஒரு லிட்டர், பாத்திர சோப்பு இரண்டு சொட்டு கலந்து, புனல் வைத்து ஊற்றிப் பிரஷால் தேய்க்கவும். கருநீர் தெளியும்வரை திரும்பச் செய்யவும். கடைசியாகக் கொதிநீர் ஒரு லிட்டர் ஒவ்வொரு குழலுக்கும். சூடேறிய குழல் தன் சூட்டிலேயே உலர்ந்துவிடும். அதுதான் கொதிநீரின் நோக்கம். சூடு ஆறுவதற்குள் வெள்ளைத் துணி ஓட்டி, துணி வெள்ளையாகவே வந்தால், மெல்லிய துப்பாக்கி எண்ணெய் பூசுங்கள். மறுநாள் இன்னொரு வெள்ளைத் துணி. அது பழுப்பாக வந்தால் உப்பு இன்னும் இருக்கிறது, முதலிலிருந்து ஆரம்பியுங்கள். கட்டைக்கும் பூட்டுக்கும் ஒரு சொட்டு நீரும் போகக் கூடாது.

சிவப்பு, துரு. விரலில் தூளாக வருவது மேல்துரு. எண்ணெய் ஊறவிட்டுப் பிரஷ் போட்டால் போகும். வெளிச்சத்தில் கருப்புப் புள்ளியாக நின்று, பிரஷுக்கு அசையாதது குழி. குழியைத் தேய்த்துப் பளபளப்பாக்கச் சொல்லும் ஆசையை அடக்குங்கள். தேய்க்கத் தேய்க்கக் குழல் உள்விட்டம் பெருத்து, சுவர் மெலியும். 12 போர் (குழல் அளவின் பெயர்) குழலின் பெயரளவு உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர். அறைப்பக்கமிருந்து 9 அங்குலம் தள்ளி அளக்கும்போது, முத்திரையில் உள்ள அளவைவிட கால் மில்லிமீட்டர் பெருத்திருந்தால் ஆங்கிலச் சோதனை விதிப்படி அந்தக் குழலின் முத்திரை செல்லாது. சுவரின் மிக மெலிந்த இடத்திலும் மீதமுள்ள கனம் அரை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இதை அளக்க நீண்ட கைகொண்ட சுவர்க்கனமானி வேண்டும். கடையில் இல்லையென்றால் வேறு கடை தேடுவது மதிப்புள்ள அலைச்சல்.

குழலில் மோதிரம் போல் புடைப்பு, அல்லது பள்ளம்

குழலை ஜன்னல் சட்டத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தால், நல்ல குழலில் நிழல்கோடு நேராக ஓடும். நடுவில் வளையமாக நிழல் முறிந்தால் புடைப்பு. ஒரு பக்கம் மட்டும் முறிந்தால் பள்ளம். பள்ளத்தை உள்ளிருந்து தூக்கி எடுக்கும் கருவி கடையில் உண்டு. சுட்டால் தானே சரியாகிவிடும் என்பது தவறு. பள்ளம் உள்ள இடத்தில் சுவர் பிளக்கும்.

புடைப்பு என்பது குழலில் ஏதோ அடைத்திருந்தபோது சுட்டதற்கு அத்தாட்சி. தோட்டத்துப் பாரிட்டில் (வாய்க்காலில்) இறங்கி ஏறும்போது குழல்வாயில் அப்பிய சேறு போதும். அதைவிடக் கொடியது 20 போர் தோட்டா. அதை 12 போர் அறையில் போட்டால் விளிம்பு நிற்காமல் வழுக்கிக்கொண்டு அறையைத் தாண்டிச் சிக்கிக்கொள்ளும். பார்ப்பவருக்கு அறை காலியாகத் தெரியும். பின்னால் ஒரு 12 போர் போட்டுச் சுட்டால் முன்கை இருக்கும் இடத்தில் குழல் வெடிக்கும். 20 போர் கூடு மஞ்சள் நிறத்தில் வருவது இதற்காகத்தான். வீட்டில் இரண்டு ரகத் துப்பாக்கி இருந்தால் தோட்டாவை ஒரே பையில், ஒரே சட்டைப்பையில் எப்போதும் கலக்காதீர்கள்.

கட்டை கருத்து, நசநசவென்று இருக்கிறது

பூட்டுக்குப் பின்னாலுள்ள மரம் எண்ணெய் குடித்துவிட்டது. துப்பாக்கியை நிமிர்த்தியே வைத்ததால் எண்ணெய் எல்லாம் கீழே இறங்கியிருக்கிறது. எண்ணெய் குடித்த வால்நட் மெத்தென்று ஆகி, உதைப்பைத் தாங்காமல் பூட்டு முனையில் பிளக்கும். சாக்பீஸ் தூளை (வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல) அசெட்டோனில் குழைத்து அப்பி, காய்ந்ததும் தட்டி, மூன்று நான்கு முறை திரும்பச் செய்தால் கணிசமாக உறிஞ்சிவிடும். காற்றோட்டமான இடம், நெருப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. கழற்றும் வேலை கடைக்காரருடையது. பழைய திருகாணிகளின் வெட்டு காகிதம் போல் மெல்லியது, சாதாரண திருப்புளி அதைக் கடித்துக் குதறிவிடும்.

எண்ணெய் மறுபடி இறங்காமல் இருக்க, துடைத்த பிறகு முதல் இரவு துப்பாக்கியைக் குழல்வாய் கீழாக, செய்தித்தாள்மேல் நிறுத்துங்கள். இரும்பு அலமாரிக்குள் பினாங்குக் காற்றின் ஈரம் 80 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கும். 60ஐத் தாண்டினாலே துரு வேகமெடுக்கும். ஜார்ஜ்டவுன் கடலோர வீடென்றால் உப்பும் சேரும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் அரை கிலோ துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டு, நீலம் இளஞ்சிவப்பானதும் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வறுத்து மறுபடி போடுங்கள். தோல் உறைக்குள்ளும் கேன்வாஸ் பைக்குள்ளும் வைத்துப் பூட்டாதீர்கள். இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், தோலின் துவர்ப்பு இரும்பைக் கடிக்கும். மாதம் ஒருமுறை எடுத்து, இரண்டு குழலையும் வெளிச்சத்தில் பார்த்து, கைவிரல் பட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் துடைத்து, தோட்டாவை வேறு பூட்டில் வைத்துச் சாத்துங்கள்.